உயிர் உரம் போட்டும் செடி தேறவில்லை: மாடித் தோட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் பிழைக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கடலோர மாடி (திருவொற்றியூர்)

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. மொட்டை மாடியில் மூன்று ஆண்டுகளாக 26 பைகளில் முளைக்கீரை, முள்ளங்கி, கத்தரி, வெண்டை, காராமணி ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். முதல் ஆண்டு விளைச்சல் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கும் அளவுக்கு இருந்தது. அடுத்த ஆண்டு பாதியாயிற்று. சென்ற ஆண்டு கீரை தவிர வேறு எதுவும் சொல்லிக்கொள்ளும்படி வரவில்லை.

மண்ணில் உயிர் போய்விட்டது என்று பலரும் சொன்னதால், இந்தத் தை மாதத் தொடக்கத்தில் எல்லாப் பைகளையும் கொட்டி, பழைய செம்மண்ணைச் சலித்து எடுத்து, அத்துடன் பாதிக்குப் பாதி புதிய தென்னை நார்க்கழிவும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்து நிரப்பினேன். பிறகு ஒரு கடையில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி ஆகிய மூன்று நுண்ணுயிர்த் தூள்களையும் 200 கிராம் பாக்கெட்டுகளாக வாங்கி, வாளித் தண்ணீரில் கரைத்து, எல்லாப் பைகளுக்கும் ஊற்றினேன். ஆறு வாரங்கள் ஆகிவிட்டன. கத்தரியின் அடி இலைகள் மஞ்சளித்து, செடி நட்ட உயரத்திலேயே நிற்கிறது. கீரை நாற்றுகள் முளைத்த நான்காம் ஐந்தாம் நாளிலேயே தண்டு அழுகிச் சாய்கின்றன. காராமணி மட்டும் ஓரளவு பச்சையாக இருக்கிறது.

காய்ந்துபோன ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக இருந்தது. காராமணியின் வேரிலும் சிறு உருண்டைகள் உண்டு. இரண்டும் நன்மை செய்யும் பாக்டீரியாவின் வீடுகள்தாம், கவலை வேண்டாம் என்கிறார் நண்பர் ஒருவர். வீடுகள் அத்தனை இருந்தும் கத்தரி ஏன் காய்ந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செடிகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறேன். நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் அது 1,900 என்று காட்டுகிறது. மெட்ரோ தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கிறது. ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரையும் வீணாக்க மனமில்லாமல் செடிகளுக்கே கொண்டுபோகிறேன். இந்த நுண்ணுயிர்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன, என் மாடியில் ஏன் செய்யவில்லை என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: மண்வாசம் (மாதவரம்)

வணக்கம். மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கத்தரி வேர் முடிச்சைப் படம் பார்க்காமல் சொல்ல நான் விரும்பவில்லை. அதை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். உங்கள் கடைசிப் பத்தியிலேயே விடையில் பெரும்பகுதி இருக்கிறது. 1,900 டிடிஎஸ் உள்ள நீரை, அதற்கும் மேலாக உப்பு செறிந்த ஆர்ஓ கழிவு நீரை, அடியில் சரியாக வடியாத பையில் ஊற்றிக்கொண்டே இருந்தால், நீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் மண்ணில் தங்கும். மூன்று ஆண்டுகளில் அந்தச் செம்மண் எவ்வளவு உப்பைச் சேர்த்து வைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மீஞ்சூர் தொடங்கி நம் பகுதிவரை, பல ஆண்டுகள் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறியது எல்லோரும் அறிந்த கதைதான். அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் உங்கள் பைக்குள் நடக்கிறது.

பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். சுற்றியிருக்கும் நீரில் உப்பு மிகுந்தால் அதன் உடலிலிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும். ஊறுகாய் ஏன் கெடுவதில்லையோ, அதே காரணத்தால்தான் உப்பு மண்ணில் நுண்ணுயிர் பெருகுவதில்லை. அடியோடு செத்துவிடும் என்று சொல்லவில்லை; உப்பைத் தாங்கும் சில இனங்கள் பிழைத்திருக்கும். ஆனால் பிழைத்திருப்பதற்கே அவை தம் ஆற்றலைச் செலவிடும்போது செடிக்கென்று செய்ய எதுவும் மிஞ்சாது.

இனி அவை என்ன வேலை செய்கின்றன என்ற கேள்விக்கு வருகிறேன். செடி தன் இலையில் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் கசியவிடுகிறது. அந்தக் கசிவை உண்பதற்காக வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் அளவுக்குள் நுண்ணுயிர்கள் மொய்க்கின்றன. லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1904இல் இந்தப் பகுதிக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். நீங்கள் வாங்கிய மூன்றும் இந்த வேர்மண்டலத்தில் குடியேற வேண்டியவை. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சிறிதளவு நிலைப்படுத்தித் தருவதோடு, வேர் கிளைப்பதற்கான ஆக்ஸின் என்னும் வளர்ச்சி ஊக்கியையும் சுரக்கிறது. பல பயிர்களில் நாம் காணும் பலன் நைட்ரஜனைவிட இந்த வேர்ப் பெருக்கத்தால்தான் கிடைக்கிறது என்பது என் கருத்து. பாஸ்போபாக்டீரியா என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது பேசில்லஸ் மெகாதீரியம். மண்ணில் சுண்ணாம்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்), தான் சுரக்கும் கரிம அமிலங்களால் கரைத்துச் செடிக்கு எட்டும்படி செய்வது அதன் தொழில். டிரைக்கோடெர்மா பாக்டீரியா அன்று, பூஞ்சை. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசாக்டோனியா போன்றவற்றின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, அவற்றின் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அவற்றையே உணவாக்கிக்கொள்ளும்.

இப்படி ஒவ்வொன்றும் தன் பிழைப்புக்காகச் செய்யும் வேலையில்தான் நமக்குப் பலன் கிடைக்கிறது. ஆகவே அவை பிழைக்க வழி செய்யாமல் பாக்கெட்டை மட்டும் ஊற்றுவது, குடித்தனக்காரரை அழைத்துவந்து கூரையில்லாத வீட்டில் விட்டுவிட்டு வாடகை கேட்பது போன்றது.

அடுத்து நார்க்கழிவு. பாதிக்குப் பாதி என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்கியதா, அழுத்திய கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்ததா என்பதைச் சொல்லவில்லை. பின்னதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மட்காத நார்க்கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கும் மேல் கார்பன் இருக்கும். அதை மட்கவைக்க முனையும் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டத் தேவையான நைட்ரஜனுக்காக மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். செடிக்குப் போக வேண்டியது அவற்றின் உடலுக்குள் முடங்கிவிடும். அடி இலை மஞ்சளிப்பது நைட்ரஜன் பற்றாக்குறைக்கு முதல் அடையாளம்; செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவித் தளிருக்கு அனுப்புகிறது. நுண்ணுயிர் வேலை செய்யவில்லை என்று வருந்துகிறீர்கள். ஒருவகையில் பார்த்தால் அது வேலை செய்துகொண்டிருப்பதால்தான் உங்கள் கத்தரி பட்டினி கிடக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவைச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைத்த பிறகே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், குறிப்பாக மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்த இடத்திலிருந்து வந்ததில். கழுவிப் பிழிந்த நீரில் உங்கள் மீட்டரை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பாக்கெட். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006 முதல் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. தூள் வடிவ உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். தயாரித்த நாளில் அது இருந்திருக்கலாம். அதன்பிறகு கடை வாசலில் வெயிலில் எத்தனை நாள் தொங்கியது என்பதை யாரும் அச்சிடுவதில்லை. தூள் பாக்கெட்டை ஆறு மாதத்துக்குள், நிழலில் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். பேசில்லஸ் இனங்கள் கடினமான வித்தாக உறங்கி வெப்பத்தைத் தாங்கும். அசோஸ்பைரில்லத்துக்கு அந்த வசதி இல்லை.

என்ன செய்யலாம் என்றால், முதலில் ஆர்ஓ கழிவு நீரை இன்றோடு நிறுத்துங்கள். அது வீடு துடைக்கவும் கழிவறைக்கும் போகட்டும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் ஒரு வீட்டில் நாளொன்றுக்கு எப்படியும் பத்து லிட்டர் சேரும். அது மெட்ரோ தண்ணீர், உப்பில்லாதது. உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம். பைகளின் அடியில் துளைகளைப் பெரிதாக்கி, ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டு, உப்பைக் கழுவி இறக்குங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது பைகளை மூடாமல் விட்டாலே இந்த வேலையை வானம் செய்துவிடும். பங்குனி வெயிலில் நாம்தான் செய்ய வேண்டும். கழுவும்போது கரையும் சத்தும் கொஞ்சம் போகும், அதனால் கழுவிய பிறகே உரமும் நுண்ணுயிரும் இட வேண்டும். ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் நார்க்கழிவின் நைட்ரஜன் பசியைத் தணிக்கும்.

டிரைக்கோடெர்மாவை மட்டும் நேரே ஊற்றாதீர்கள். இரண்டு கூடை மட்கிய சாணத்தில் ஒரு பாக்கெட்டைக் கலந்து, பிசைந்தால் உருண்டை பிடிக்கும் ஈரத்தில் வைத்து, நனைத்த கோணிச் சாக்கால் மூடி, நிழலில் பதினைந்து நாள் விடுங்கள். முதலில் வெள்ளையாகப் படர்ந்து பிறகு பாசிப் பச்சையாக மாறினால் பூஞ்சை உயிரோடு பெருகியிருக்கிறது என்று பொருள். ஒன்றுமே படரவில்லை என்றால் பாக்கெட் செத்தது, கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். விதைப்பதற்கு முன்பே இது மண்ணில் இருக்க வேண்டும். நாற்று சாய்ந்த பிறகு ஊற்றுவதில் பயன் குறைவு.


மறுமொழி 2: கேள்விக்குறி (கொருக்குப்பேட்டை)

மேலே உள்ள மறுமொழியை மறுக்கவில்லை. ஆனால் ‘போட்டேன், வளர்ந்தது’ என்று எழுதும் பலரும் போடாத பை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. பழுப்பு நிலக்கரித் தூளிலும் டால்க் தூளிலும் கலந்துதான் இவற்றை விற்கிறார்கள். அத்துடன் சாணமும் வெல்லமும் சேர்த்து ஊற்றிவிட்டு, செடி தழைத்தால் அது பாக்டீரியாவின் பெருமை என்கிறோம். சாணத்துக்கும் வெல்லத்துக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். பாக்கெட்டைச் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியைக் கொஞ்சம் நீர் தெளித்து, கிண்ணத்தில் மூடி, பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு அரை மணி நேரம் வையுங்கள். குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸை எட்டுவதால், வித்தாக உறங்குபவையும் அதில் பிழைப்பது அரிது. இப்போது உங்களிடம் உயிருள்ள பாதி, உயிரற்ற பாதி என இரண்டு இருக்கின்றன. தூளின் சத்து இரண்டிலும் ஒன்றே. இரண்டையும் ஒரே வகை மண்ணில், ஒரே வெயிலில், தலா நான்கைந்து பைகளுக்கு இட்டு, எந்தப் பை எது என்பதை அடியில் மட்டும் குறித்துவைத்து, விளைச்சலை எடை பார்ப்பவருக்குத் தெரியாமல் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அது உயிரின் வேலை. வீட்டில் குக்கருக்கு உரியவரிடம் முன்னரே அனுமதி பெறுவது நல்லது; நான் பெறவில்லை, அதன் விளைவுகளை இங்கே எழுத வேண்டியதில்லை.


மறுமொழி 3: அவரைப்பந்தல் (பெரம்பூர்)

தம்பி, உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. காராமணி வேரில் இருப்பதும் கத்தரி வேரில் இருப்பதும் ஒன்றல்ல. நானும் ஒரு காலத்தில் வெண்டை வேரில் முடிச்சைக் கண்டு மகிழ்ந்துபோய், அந்த மண்ணை எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அதற்கான விலையைக் கொடுத்தேன்.

பிரித்தறிவது கடினமன்று. காராமணியை வேரோடு எடுத்து, வாளி நீரில் மெதுவாக அலசுங்கள். ரைசோபியம் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவின் முடிச்சு வேரின் பக்கவாட்டில், மிளகை ஒட்டவைத்தாற்போல் இருக்கும்; நகத்தால் தள்ளினால் தனியே உதிர்ந்துவிடும். அதை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது அந்த பாக்டீரியா திறனற்றது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சுக்கு வயதாகிவிட்டது. அந்தச் சிவப்புக்குக் காரணம் நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற பொருள். காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். அளந்து அளந்து ஆக்ஸிஜனைக் கொடுப்பதற்காகவே செடி இந்தச் சிவப்புப் பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து பருப்புவகைச் செடியைப் பிடுங்கும்போதெல்லாம் ஒரு முடிச்சையாவது நறுக்கிப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

கத்தரி வேரில் நீங்கள் கண்டது பெரும்பாலும் வேர்முடிச்சு நூற்புழு. அங்கே வேரே வீங்கியிருக்கும். தள்ளினால் உதிராது, வேர்தான் அறுபடும். உருவமும் ஒழுங்கில்லாமல் இஞ்சிக் கிழங்குபோல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேருக்குள் புகுந்து நீரும் சத்தும் ஏறும் பாதையை அடைத்துவிடுகிறது. அதனால்தான் நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் செடி உச்சி வெயிலில் வாடுகிறது. வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். பழைய செம்மண்ணைச் சலித்துப் பயன்படுத்தியபோது அதன் முட்டைகளும் சேர்ந்து வந்திருக்கும். சல்லடைக்கு அவை அகப்படாது. கவனிக்க வேண்டியது இன்னொன்று. காராமணியையும் இந்தப் புழு தாக்கும், ஆகவே ஒரே வேரில் இரண்டும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தள்ளிப் பாருங்கள்.

இதற்கும் நுண்ணுயிரில் மருந்து உண்டு. பேசிலோமைசிஸ் லிலாசினஸ் என்ற பெயரில் விற்கப்படும் பூஞ்சை, நூற்புழுவின் முட்டைகளுக்குள் புகுந்து அழிக்கும். வேப்பம் புண்ணாக்கோடு மட்கிய எருவில் கலந்து நடவுக்கு முன் இட வேண்டும். செண்டுமல்லியை ஒரு பருவம் முழுக்க அந்தப் பைகளில் வளர்த்தாலும் அதன் வேர் சுரக்கும் பொருளால் புழு குறையும். ஓரத்தில் அழகுக்கு ஒன்று வைத்தால் போதாது. என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் உறுதியானது வெயில்தான். சித்திரையில் பைகளைக் கொட்டி, மண்ணை அரை அடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களைச் செங்கல்லால் அழுத்தி, அக்னி நட்சத்திரம் முடியும்வரை விட்டுவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். வெப்பம் தாளோடு நின்றுவிடும். அந்தச் சூட்டில் நல்லவையும் பல சாகும் என்பதை மறக்காதீர்கள். தாளை எடுத்ததும் மட்கிய எருவும் ஐயா சொன்ன டிரைக்கோடெர்மாச் சாணமும் உடனே இட வேண்டும். வெறிச்சோடிய மண்ணில் முதலில் யார் குடியேறுகிறார்களோ அவர்கள் கைதான் ஓங்கும்.

காராமணி காய்த்து ஓய்ந்ததும் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள், அதாவது அதில் நூற்புழு இல்லையென்றால். பருப்புச்செடி பக்கத்துச் செடிக்கு உடனுக்குடன் நைட்ரஜன் ஊட்டுவதாகப் பலர் நம்புகிறார்கள். அது பெரும்பகுதியைத் தனக்கும் தன் விதைக்குமே வைத்துக்கொள்கிறது. வேரும் சருகும் மட்கும்போதுதான் மற்றதற்குப் போய்ச் சேரும்.


கடலோர மாடி (திருவொற்றியூர்)

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி. இன்று காலை காராமணி ஒன்றை எடுத்து அலசினேன். உதிர்ந்த முடிச்சுகள் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தன. ஆனால் அடிவேரில் உதிராத வீக்கம் இரண்டு மூன்று இருந்தது. கத்தரி வேரில் இருப்பது முழுவதும் வீக்கமே. நார்க்கழிவைப் பற்றிய ஊகமும் சரி. கட்டியை ஊறவைத்து அப்படியேதான் கலந்தேன். இப்போது இன்னொரு கேள்வி. வேர் உட்பூஞ்சை, அதாவது வேம் என்ற உரத்தையும் சேர்த்துப் போட்டால்தான் முழுப் பலன் என்று கடையில் சொல்கிறார்கள். என் பைகளில் பாதிக்கு மேல் கீரையும் முள்ளங்கியும்தான். வாங்கலாமா?


மண்வாசம் (மாதவரம்)

கீரைக்கும் முள்ளங்கிக்கும் வாங்க வேண்டாம். நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை இந்தப் பூஞ்சையோடு உறவு வைத்திருக்கின்றன. ஆனால் முள்ளங்கி, கோஸ், கடுகு அடங்கிய குடும்பமும், முளைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், பாலக் அடங்கிய குடும்பமும் அதைப் பொதுவாக வேருக்குள் சேர்ப்பதில்லை. நீங்கள் எவ்வளவு போட்டாலும் அது கதவைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இதைக் கடைகளில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, கொடிவகைகள், காராமணி, மல்லி ஆகியவற்றுக்குப் போடலாம். 1885இல் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர்தான் வேரும் பூஞ்சையும் சேர்ந்த இந்த அமைப்புக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். வேர்த்தூவி எட்டாத தொலைவுக்கும் இதன் இழைகள் மண்ணுக்குள் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் நீரையும் கொண்டுவந்து தரும். பதிலுக்குச் செடி தன் சர்க்கரையில் 4 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது சும்மா கிடைக்கும் உதவியன்று, கொடுக்கல் வாங்கல். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்திருந்தால் செடி இந்தச் செலவை விரும்பாமல் பூஞ்சையை ஒதுக்கிவிடும். மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டையும் வேமையும் ஒரே பையில் போடுவது இரண்டையும் வீணாக்கும்.

மற்றவற்றைப்போல் இதை நீரில் கரைத்து மேலே ஊற்றவும் கூடாது. வேரைத் தொட்டால்தான் வித்து முளைத்து உள்ளே போகும். நாற்று நடும் குழியில் ஒரு தேக்கரண்டி போட்டு, வேர் அதன்மேல் படும்படி நடுங்கள். கத்தரிக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆயுள் இருப்பதால் பலன் தெரிய நேரம் உண்டு. இருபத்தைந்து நாளில் பிடுங்கும் கீரைக்கு, அது ஏற்றுக்கொள்ளும் இனமாக இருந்தாலும்கூட, இந்தச் செலவு தகாது.


மறுமொழி 4: வலைக்காரன் (காசிமேடு)

இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் மீன் கழிவு எளிதில் கிடைப்பதால் மீன் அமிலம் செய்து ஊற்றுகிறேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடிய டப்பாவில் மூன்று வாரம், பிறகு வடிகட்டி லிட்டருக்கு 10 மில்லி. அண்ணன் உப்பைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை: ஐஸும் உப்பும் போட்டு வைத்திருந்த மீனின் கழிவை நன்றாகக் கழுவுங்கள், கருவாட்டுக் கழிவைப் போட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டு நான் போட்டேன். வெண்டை இலையின் ஓரமெல்லாம் கருகிவிட்டது.


கடலோர மாடி (திருவொற்றியூர்), ஆனி மாதம்

நான்கு மாதம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் எல்லா மண்ணையும் பரப்பி, தாள் மூடி, அக்னி நட்சத்திரம் முடியும்வரை விட்டேன். அதற்கு முன்பே நல்ல தண்ணீர் ஊற்றி இருமுறை கழுவினேன். முதல் முறை வடிந்த நீரில் மீட்டர் ஆழ்துளைக் கிணற்று நீரையே தோற்கடிக்கும் எண்ணைக் காட்டியது. இப்போது செடிகளுக்குச் சமையலறை நீர்தான், போதாத நாளில் மட்டும் மெட்ரோ தண்ணீர். இருபத்தாறு பைகளைப் பதினெட்டாகக் குறைத்துக்கொண்டேன். இருக்கும் நீருக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகும்.

கொருக்குப்பேட்டை நண்பரின் குக்கர் சோதனையையும், அனுமதி பெற்று, செய்தேன். கடையில் வாங்கிய பழைய டிரைக்கோடெர்மாவில் பதினைந்து நாளாகியும் எதுவும் படரவில்லை. வேறோர் இடத்தில் புதிய தேதியிட்ட பாக்கெட் வாங்கியதில் ஒன்பதாம் நாளே பச்சை பிடித்தது. மிளகாய் நாற்றுத் தட்டு இரண்டில் உயிருள்ள பாதியும் வேகவைத்த பாதியும் இட்டதில், வேகவைத்ததை இட்ட தட்டில் பாதிக்கும் மேல் சாய்ந்தன. மற்றதில் விரல்விட்டு எண்ணும் அளவே சாய்ந்தன. அசோஸ்பைரில்லத்தை அவ்வாறே வெண்டைக்கு இட்டுப் பார்த்ததில் நானோ, தெரியாமல் எடை பார்த்த என் மகளோ எந்த வேறுபாட்டையும் காணவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.


கேள்விக்குறி (கொருக்குப்பேட்டை)

வேறுபாடு தெரியாததையும் எழுதியதற்கு என் மரியாதை. நான்கைந்து பைகளில் சிறிய வேறுபாடு தெரியாது. ஒரு பைக்கும் இன்னொரு பைக்கும் இயல்பாக இருக்கும் ஏற்றத்தாழ்வே அதை விழுங்கிவிடும். நாற்றழுகலில் தெரிந்தது, அங்கே வேறுபாடு பெரிது என்பதால். வெண்டைக்குப் புண்ணாக்குக் கரைசல் நிறையக் கொடுத்திருந்தீர்களா? நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும் செடிக்கு அசோஸ்பைரில்லம் சேர்த்துக் கொடுப்பது அவ்வளவாகத் தெரியாது.


கடலோர மாடி (திருவொற்றியூர்)

கொடுத்திருந்தேன், வாரம் ஒருமுறை. ஆடிப் பட்டத்தில் நான்கு பைகளுக்கு அதை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கிறேன். பெரம்பூர் அம்மாவுக்கு ஒரு செய்தி: இந்த முறை கத்தரியில் ஒன்றைப் பிடுங்கி அலசிப் பார்த்தேன், வேரில் முடிச்சு எதுவும் இல்லை.


அவரைப்பந்தல் (பெரம்பூர்)

மகிழ்ச்சி, தம்பி. ஒரு செடியை வைத்து முடிவு செய்யாமல், காய்ப்பு ஓயும்போது எல்லாவற்றின் வேரையும் பாருங்கள். முடிச்சுள்ள வேர் கிடைத்தால் உரக் குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.